ஐந்தாம் பாத்திப் புளிச்சக்கீரை

ஆம்பூரில் ஏறிவிட்டுப் பேரணாம்பட்டு வரைக்கும் டிக்கெட் எடுக்காமல் நடுவழியில் இறங்கும் ஆள் என்றால் கண்டக்டருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். அதிலும் தமிழினி கேட்டது மூடிப்போன தோல் டேனரி நிறுத்தம். "அங்க இன்னாம்மா வேலை? நாய்கூட ஒதுங்காதே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விசிலை ஊதினார்.

காலை ஒன்பதரை மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. சாலையின் மறுபக்கம் கறுத்துப்போன காம்பவுண்டுச் சுவர், துருப்பிடித்த கேட், அதற்குப் பின்னால் கூரை பெயர்ந்த ஷெட்டுகள். பதினோரு வருடமாக ஒரு தோல்கூட உள்ளே போகாத இடம் அது. ஆனாலும் கேட்டைத் தள்ளியதும் வாடை வந்து மோதியது. சுண்ணாம்பு, ஊறிய தோல், அதற்கும் அடியில் இன்னும் ஏதோ ஒன்று.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை புதிதில்லை. அந்த வாடையில்தான் படிப்பார்கள், அந்த வாடையில்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள். தமிழினியும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஆனால் அவள் வாயில் எச்சில் ஊறியது.

மசக்கை, வேறென்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவள் வயிற்றில் இருந்தது மூன்றாவது. முதல் இரண்டும் நாலாம் மாதத்தில் கலைந்து போயின. இரண்டு முறையும் வேலையை விட்டாள், கட்டிலை விட்டு இறங்காமல் கிடந்தாள், மாமியார் கொடுத்ததையெல்லாம் தின்றாள். அப்படியும் தங்கவில்லை. இந்த முறை படுத்துக் கிடக்க மாட்டேன் என்று கணவன் வசந்திடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மாவிடம் 'செடி சம்பந்தப்பட்ட வேலை' என்று மட்டும் சொன்னாள். டேனரி மண்ணைச் சுத்தம் செய்யும் திட்டத்தின் தலைவர் ஆல்வின் சாரிடம் கர்ப்பத்தையே சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்லி இரண்டு பேருடைய சம்மதத்தையும் வாங்கிக்கொள்வது படித்தவர்களின் கெட்டிக்காரத்தனம். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் அந்தப் பயத்தைக் கையுறையாலும் முகமூடியாலும் மூடி வைத்திருந்தாள்.

வேலை லேசானதுதான். டேனரியின் பின்பக்கத்து மண்ணில் குரோமியம் ஊறிப்போய்க் கிடந்தது. புல் முளைக்காத அந்த மண்ணில் ஐந்து பாத்தி கட்டிப் புளிச்சக்கீரை போட்டிருந்தார்கள். சில செடிகளுக்கு அப்படியொரு சுபாவம். மண்ணில் இருக்கிற விஷத்தை வேரால் இழுக்கும். இழுத்ததைத் தன் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு மூலையில், இலைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாக நிற்கும். அந்த இலையை அறுத்து, எடை போட்டு, பையில் கட்டி, எரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டால் மண்ணில் அந்த அளவு விஷம் கம்மி. இலை கேட்டைத் தாண்டி வேறு எங்கும் போகக்கூடாது. ஆட்டுக்குக்கூடப் போகக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

நாலு பாத்தியும் முழங்கால் உயரத்தில் சோகையாக நின்றன.

ஐந்தாவது பாத்தி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது.

சிவந்த தண்டு, கருத்த பச்சை இலை. அதற்குள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், நெற்றி நிறையக் குங்குமம். எட்டு மாதமாகக் கூலிக்கு வருகிற ரங்கம்மாள். தமிழினியை மேலும் கீழும் பார்த்தவளின் கண் வயிற்றில் வந்து நின்றது.

"எத்தினி மாசம்?"

தமிழினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுடிதாரும் மேல்கோட்டும் போட்டு மறைத்ததை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா" என்றாள், கெஞ்சுகிற மாதிரி.

"நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்?" என்று சிரித்தாள் ரங்கம்மாள்.

முதல் வாரத்திலேயே மதியப் பொழுதுதான் அங்கே சரியில்லை என்று தமிழினிக்குப் பட்டது. பன்னிரண்டு அடித்தால் காக்கை சத்தம் நின்றுவிடும். சாலையில் போகும் லாரியின் சத்தம்கூடச் சுவருக்கு அந்தப் பக்கத்தோடு அடங்கிவிடும். அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். தோல் பதப்படுத்தும் பெரிய மர டிரம் சுற்றுகிற சத்தம். தண்ணீரோடு கனமாக ஏதோ புரண்டு விழுகிற சத்தம்.

ஒருநாள் துணிந்து போய்ப் பார்த்தாள். டிரம்கள் பலகை உளுத்து, கரையான் ஏறிக் கிடந்தன. கரண்ட் கம்பியே இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் வந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

படித்தவர்களுக்குப் பயம் வந்தால் முதலில் காரணம் தேடுவார்கள். நிலத்தடியில் பழைய குழாய் இருக்கும், காற்று அடைபட்டிருக்கும் என்று தமிழினி ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. காரணம் வேர்வையை நிறுத்தவில்லை.

அதைவிட மோசம் அவளுடைய நாக்கு. ஐந்தாம் பாத்தியின் பக்கம் போனாலே வாய் ஊறியது. மாதிரிக்கு இலை பறிக்கும்போது ஒருநாள், முகமூடி தாடைக்குக் கீழே இறங்கியிருப்பதும், கையுறை விரல்களுக்கு நடுவில் இருந்த இலை உதட்டில் உரசிக்கொண்டிருப்பதும் அவளுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. முகமூடியைக் கழற்றியது எப்போது என்று ஞாபகமில்லை. இலையை வீசிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள்.

ரங்கம்மாள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் எவர்சில்வர் தூக்கைத் திறந்து தமிழினியின் முன்னால் வைத்தாள். உருண்டைக் களி, பக்கத்தில் கடைந்த புளிச்சக்கீரை, வதக்கிய காய்ந்த மிளகாய்.

"வீட்ல வெச்சது கண்ணு. சாப்டு."

தமிழினி சாப்பிட்டாள். தட்டில் விரலால் வழித்துச் சாப்பிட்டாள். கர்ப்பிணி சாப்பிடுவதைப் பார்ப்பதும் ஒரு புண்ணியம் என்பதுபோல் ரங்கம்மாள் எதிரே உட்கார்ந்து, அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்தாள். அதன்பிறகு தினமும் தூக்கு வந்தது. ஐந்து வாரம். நாலாம் மாதம் வந்தது, ஒரு சொட்டுக் கறையும் இல்லாமல் கடந்துபோனது. தமிழினி அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஆல்வின் சார் போன் செய்தது அடுத்த நாள்.

"தமிழினி, அஞ்சாவது பாத்தியில எடை ரொம்பக் கம்மியா வருதே. அவ்வளவு உசரச் செடியில இவ்வளவுதானா இலை?"

"தெரியல சார். பாக்குறேன்."

"லேப் ரிப்போர்ட்டும் பேஜாரா இருக்கு. குரோமியம் கொஞ்சம்தான். கால்சியமும் பாஸ்பரஸும் இரும்பும் ஏகத்துக்கு ஜாஸ்தி. யாராவது எலும்பு உரம் கொட்டினாங்களா இன்னா?"

போனை வைத்த தமிழினியின் எதிரில் தூக்கு திறந்திருந்தது. கடைந்த கீரை பளபளத்தது. அவள் அதைப் பார்த்தாள். ரங்கம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா... இந்தக் கீரைய எங்க வாங்குறீங்க?"

"வாங்குறதா?" ரங்கம்மாளுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது போலும். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினாள்.

ஐந்தாம் பாத்தி.

தமிழினி சுவரோரம் ஓடிப்போய் விரலை விட்டு வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "விஷம்னு தெரியும்ல? எத்தினி தடவ சொல்லியிருக்கேன்! என் குழந்தைய சாவடிக்கப் பாத்தீங்களா?"

"ஐயோ, அந்த வார்த்த சொல்லாத." ரங்கம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "மசக்கைக்காரி வாய் ஊற நிக்கிறா. அத கண்ணால பாத்துட்டுக் குடுக்காம இருந்தா பொறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியாதா? நீ அந்த எலைய மோந்துக்கினு நின்னியே, நான் பாக்கலியா? எட்டு மாசமா நானும்தான் துன்றேன். எனக்கு இன்னா ஆச்சி?"

"ஏன்? எதுக்கு நீங்க தின்னணும்?"

ரங்கம்மாள் பாத்தியைப் பார்த்தாள். அப்புறம் சொன்னதை மெல்லிய குரலில், அடுப்பங்கரைச் சமாச்சாரம் சொல்கிறவள்போல் சொன்னாள். அந்தப் பாத்தி இருக்கும் இடத்தில்தான் கழிவுத் தொட்டி இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மதிய ஷிஃப்டில் சேறு வாரச் சொல்லி மூன்று பேரை இறக்கினார்கள். விஷவாயு அடித்தது. இரண்டு உடல்களைத்தான் மேலே எடுத்தார்கள். மூன்றாவது ஆள் துரைசாமி, ரங்கம்மாளின் புருஷன். அந்த ஆள் அன்றைக்கு ஷிஃப்டுக்கே வரவில்லை, எங்கேயோ ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி சொன்னது. ராத்திரியோடு ராத்திரியாக டிப்பர் லாரியில் மண் வந்து தொட்டியை மூடிவிட்டது.

"பாடி கெடைக்கல. கெடைக்காத ஆளுக்குக் காரியமும் பண்ணல, பொட்டையும் எடுக்கல. இங்க செடி வெக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டதும் மொத ஆளா வந்தேன். மண்ணுக்குள்ள இருக்குறத இழுத்து மேல கொண்டாரும்னு உங்க சாருதான் கூலிக்காரங்களுக்கெல்லாம் சொன்னாரு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "கொண்டாந்துச்சும்மா. மொத எலைய வாயில போட்டதும் தெரிஞ்சிடிச்சி. ஆனா என்கிட்ட தங்க மாட்டேங்கிறாரு."

"இன்னா சொல்றீங்க?"

"எனக்குத்தான் கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களே. எடம் எங்க இருக்கு?"

காற்றில்லாத மதியம். ஐந்தாம் பாத்தி மட்டும் மெல்ல அசைந்தது.

தமிழினி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஓடினாள். ஆல்வினிடம் உடம்பு சரியில்லை என்றாள். வசந்திடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எதிலிருந்து தொடங்குவது? பொய்யை ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அவிழ்க்கும்போது எல்லா முடிச்சும் கூடவே வரும்.

நாலாம் நாள் காலையில் கறை பட்டது.

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் திரையை வெகுநேரம் பார்த்தார். "துடிப்பு இருக்கு. ஆனா மெதுவா இருக்கு. ஊசி போட்டிருக்கேன், காலைத் தூக்கி வெச்சுப் படுங்க. பார்ப்போம்."

பார்ப்போம். அந்த வார்த்தையைத் தமிழினி இதற்கு முன்னால் இரண்டு முறை கேட்டிருக்கிறாள். இரண்டு முறையும் அதன்பிறகு பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

படுத்தபடி அவள் கணக்குப் பார்த்தாள். தின்ற ஐந்து வாரமும் கறையில்லை. நிறுத்திய நாலாம் நாள் கறை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகாது என்று அவள் எம்.எஸ்சி. படிப்பில் படித்திருந்தாள், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள். ரங்கம்மாளுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது. அந்த இலையில் இருப்பது விஷம். இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் கறை ஜாஸ்தியானது.

வசந்த் மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுந்தாள். ஆட்டோ பிடித்தாள். ஆட்டோக்காரர் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். சீக்கிரம் போங்கண்ணா என்று அவள் பல்லைக் கடித்தபடி சொன்னாள். டேனரிக்கு வந்தபோது உச்சி வெயில். கேட் திறந்து கிடந்தது. ரங்கம்மாள் வழியை விட்டு விலகி நின்றாள்.

அன்றைக்கு டிரம் சத்தம் இல்லை.

எந்தச் சத்தமும் இல்லை.

ஐந்தாம் பாத்தியின் முன்னால் நின்று தமிழினி முகமூடியைக் கழற்றினாள். கையுறைகளைக் கழற்றினாள். தண்டின் சின்ன முட்கள் வெறும் விரலில் குத்தின. ஒரு கொப்பை வளைத்தாள். அது தானாகவே வளைந்து கொடுத்தது.

இலையைப் பச்சையாக வாயில் போட்டாள்.

முதலில் புளிப்பு. அடுத்து உப்பு, வேலை செய்கிறவனின் முதுகு வேர்வை உப்பு. அப்புறம் இரும்பு. கடைசியில் தொண்டையை அடைக்கிற சேறு.

அவள் நிறுத்தவில்லை.

"மெதுவா" என்று பின்னாலிருந்து ரங்கம்மாள் கிசுகிசுத்தாள். "பதினோரு வருஷம் இருந்தாச்சி. அவசரப்படாதீங்க."

அது தன்னிடம் சொன்னதில்லை என்று தமிழினிக்குப் புரிந்தது. இன்னொரு கைப்பிடி. இன்னும் ஒன்று. கன்னத்தில் கண்ணீர் வழிய, மென்று விழுங்கினாள். தங்கிடு, தங்கிடு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேண்டினாள். யாரை வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அப்போது முதல்முறையாக உள்ளே அசைவு தெரிந்தது.

ஐந்தாம் மாதத்துக் குழந்தை பட்டாம்பூச்சி படபடப்பதுபோல் லேசாகத்தான் அசையும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். இது அப்படி இல்லை. குறுகலான இடத்தில் வெகுநாள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்த ஆள், கால் நீட்ட இடம் கிடைத்ததும் நிதானமாகப் புரண்டு படுப்பது போல இருந்தது.

வீடு போய்ச் சேரும்முன் கறை நின்றிருந்தது. மறுநாள் ஸ்கேனில் துடிப்பு கணீரென்று கேட்டது. "ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. வசந்த் அழுதுவிட்டான். இரத்தத்தில் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று தமிழினி தனியாக வேலூரில் கொடுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியான அளவில்தான் இருந்தது. இதற்கு நிம்மதிப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆல்வின் சார் சந்தோஷமாகக் கூப்பிட்டார். ஐந்தாம் பாத்திச் செடி மொத்தமும் நின்ற நிலையில் காய்ந்துவிட்டதாம். மண்ணைச் சோதித்தால் கால்சியம், பாஸ்பரஸ் எதுவும் வழக்கத்துக்கு மேல் இல்லையாம். "அந்த இடம் க்ளீன், தமிழினி. உள்ள இருந்தது எங்க போச்சுன்னுதான் தெரியல. ஆனா போய்டுச்சி." ரங்கம்மாளும் அன்றிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். தமிழினி குங்குமச் சிமிழும் வெற்றிலை பாக்குமாக, ரங்கம்மாளைக் கூப்பிடப் பேரணாம்பட்டுக்குப் பஸ் ஏறினாள். கூப்பிட வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. கூப்பிடாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தாள். மசூதித் தெருவில் திரும்பினாள். முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, இரண்டாவது சந்தில் நுழைந்து, ஓட்டு வீடுகளின் வரிசையில் நாலாவது வாசலில் நின்றாள். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

ரங்கம்மாளின் முகவரி அவளிடம் இல்லை.

வழியில் அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

மாலை வெயில் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. போய்விட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் அவளுடைய வலது கை மேலே எழும்பியது. கதவு நிலைக்கு மேலே, ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இருந்த பொந்தில் நுழைந்தது. ஒட்டடையைக் கிழித்துக்கொண்டு விரல்கள் உள்ளே போயின. எதையோ பற்றிக்கொண்டு வெளியே வந்தன.

ஒரு சாவி. துரு ஏறிப் பழுப்பாகிப்போன பழைய சாவி.

"எனக்கு எட்டாத எடத்துலதான் வெச்சிருந்தீங்களா?"

ரங்கம்மாள் தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றிருந்தாள். அவள் பேசியது தமிழினியின் முகத்தைப் பார்த்து இல்லை. "நீங்க போன அன்னிக்கு, சுத்தின பீடிய குடுத்துட்டு வந்து பாக்குறேன், வீடு பூட்டியிருக்குது. சாவி கேக்கத்தான் கம்பெனிக்கு வந்தேன். வந்து நின்னா கூட்டம், ஆம்புலன்ஸு. அப்புறம் பூட்ட ஒடச்சித்தான் உள்ள போனேன். இத்தினி வருஷமா தேடாத எடமில்ல."

குடத்தை இறக்கி வைத்து, இடுப்பிலிருந்து புதுச் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். கதவை அகலத் தள்ளினாள்.

"வாங்க" என்றாள்.

நிலைக்கும் தலைக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. ஆனாலும் தமிழினி, பழகிப்போனவள்போல், குனிந்துதான் உள்ளே போனாள்.